மூத்தாளுக்குப் போட்ட இலை

பைத்தியக்காரி வந்து கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். இலவசமாகப் போட்டோ எடுத்துத் தருகிறோம் என்று அதே பைத்தியக்காரி தட்டினால், மைசூரில் திறக்காத கதவு கிடையாது. இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் பசவராஜ்.

ஒரு கன்னடப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வேலையை விட்டபிறகு, யாதவகிரிப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்திவந்த இல்லத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, குணமாகி, அழைத்துப்போக ஆள் வராமல் நின்றுபோன பெண்களுக்கான இல்லம் அது. ஊதுவத்தி உருட்டுவது, கூடை பின்னுவது என்று அவர்களுக்கு ஏற்கெனவே என்னென்னவோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். பசவராஜ் காமிரா கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டிரண்டு பேராகத் தெருக்களுக்கு அனுப்பி, வீடு வீடாகக் குடும்பப் படம் எடுக்க வைத்தார். பிரிண்டை அடுத்த ஞாயிறு நேரில் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. முதல் தடவை போட்டோவுக்காகத் திறப்பார்கள், இரண்டாம் தடவைதான் உங்களுக்காகத் திறப்பார்கள் என்பார். நல்ல படங்களைப் பொறுக்கி தசராவுக்கு ஒரு கண்காட்சி வைப்பதாகவும் ஏற்பாடு. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களிடம் உள்ள ஒரே கோளாறு, அவர்கள் எல்லா வீட்டையும் தங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்வதுதான்.

அவருடைய மாணவிகளில் கெட்டிக்காரி ஜோதிமணி. மாத்திரை அவளைப் பருக்க வைத்திருந்தது. கையில் ஒரு நடுக்கத்தையும் கொடுத்திருந்தது. டம்ளரைத் தூக்கினால் காப்பி தளும்பும். ஆனால் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தப் பழகிய பிறகு, அவள் எடுத்த படம் ஒன்றுகூட ஆடியதில்லை. கையில் காமிரா இருந்தால் ஜனங்கள் அவள் கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். ஒரு நிமிஷம் இருங்க அக்கா, தலை வாரிட்டு வந்துடறேன் என்று கெஞ்சினார்கள். ஆறு வருஷமாக அவளிடம் யாரும் எதற்கும் கெஞ்சியதில்லை. அவளுக்குத் தானாகத் தூக்கம் வர ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணியில், அடுத்து எந்தப் பக்கம் போகலாம் என்று பசவராஜ் கேட்டபோது ஜோதிமணி கையைத் தூக்கினாள். "மேட்டகள்ளிக்குப் போறனுங்க சார். அங்க தமிழாளுக நெறையப் பேரு இருக்கறாங்க" என்றாள். அங்கே தனக்கு ஒரு வீடு இருந்தது என்பதையும், அந்த வீட்டில் தான் பெற்ற பெண் வளர்கிறாள் என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டார்கள். குடும்பத்தார் விரும்பிக் கூப்பிடாதவரை போகக் கூடாது என்பது இல்லத்தின் சட்டம். கூப்பிடுகிற குடும்பமாக இருந்தால் அவள் ஏன் இல்லத்தில் இருக்கப்போகிறாள் என்று சட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் குழந்தை தன்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட வேண்டும். ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

ஜோதிமணி ஹனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். மைசூரில் தொழிற்சாலை வேலையில் இருந்த விஜய்குமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. இந்தக் குழந்தை தன்னுடையது இல்லை, ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், இதைத் தேடிக்கொண்டு இதன் தாய் வருவாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தைக்கு மொட்டை போட மாதேஸ்வரன் மலைக்குப் போன இடத்தில், கோயில் கூட்டத்தில் ஒரு பொரிக்கடை முன்னால் அதை உட்கார வைத்துவிட்டு, பாலாற்றுப் பாதையில் இறங்கி நடந்துபோய்விட்டாள். செக்போஸ்ட்டில் பிடித்து வைத்தார்கள். விஜய்குமார் வந்து அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சேர்த்துவிட்டு வெளியே போனவன்தான், மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. அண்ணனுக்கு இரண்டு பெண்கள். அத்தை பைத்தியம் என்று தெரிந்தால் அவர்களை யார் கட்டுவார்கள்? எல்லாரும் கைகழுவி விட்டார்கள் என்று ஜோதிமணி நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அதற்கும் மேலே ஒரு படி போயிருந்தது அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஜோடியாகப் போனவள் பசம்மா. இல்லத்தில் பக்கத்துக் கட்டில்காரி, வயசான கன்னடக்காரி. பையைத் தூக்கிக்கொண்டு வருவாள், எந்த வீட்டில் காப்பி கொடுத்தாலும் குடிப்பாள், வாயைத் திறந்து பேச மாட்டாள். அந்தத் தெரு முழுக்க வாடகை வீடுகள். பாதி ஜனம் மாறியிருந்தது. மாறாத ஒன்றிரண்டு பேரும் காமிராவைப் பார்த்தார்களே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. ஜோதிமணி வேண்டுமென்றே நாலு வீட்டில் படம் எடுத்துவிட்டு ஐந்தாவதாக அந்தக் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் லீலா. ஒல்லியான, முகம் மலர்ந்த பெண். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் கூப்பிட்டவள், ஜோதிமணி இல்லத்துப் பேரைச் சொல்லித் தமிழில் பேச்செடுத்ததும், "ஓ, தமிழாக்கா நீங்க? உள்ள வாங்க. எங்க வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போயிருக்கார். பரவால்ல, நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்" என்றாள். வாசற்படியிலேயே ஜோதிமணிக்குப் புரிந்துவிட்டது. அவன் இன்னொருத்தியைக் கட்டியிருப்பான் என்பதை ஆறு வருஷமாக நினைத்து நினைத்து ஆறப்போட்டிருந்தாள். அதனால் அது சுடவில்லை. சுட்டது சுவர்.

கூடத்துச் சுவரில் அவளே இருந்தாள். பத்தொன்பது வயசு ஜோதிமணி, கல்யாணப் புடவையில். கல்யாணப் படத்தில் பாதியை வெட்டிப் பெரிசு பண்ணியிருந்தார்கள். பக்கத்தில் விஜய்குமாரின் தோள் இருந்த இடத்தில் ஸ்டுடியோக்காரர் ஒரு திரைச்சீலை வரைந்து மறைத்திருந்தார். முகத்தைத் தேய்த்து வெளுப்பாக்கி, உதட்டுக்குச் சாயம் ஏற்றியிருந்தார். கண்ணாடிக்கு மேல் நெற்றியில் குங்குமம், கழுத்துக்குச் சந்தனமாலை, தலைக்கு மேல் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

"மூத்தவங்க" என்றாள் லீலா, அவள் பார்ப்பதைப் பார்த்து. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாலாத்துல போயிட்டாங்க. குழந்தை தவறி விழப்போச்சாம். அதைக் கரையில தள்ளிட்டு இவங்க தண்ணியில போயிட்டாங்க. உடம்புகூடக் கெடைக்கல பாவம்." தாலிச் சரட்டை வெளியே எடுத்துக் காட்டினாள். தாலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளித் தகடு தொங்கியது. செத்துப்போன மூத்தாளுக்கு என்று இளையவள் கட்டிக்கொள்கிற தகடு. "இது அவங்கதான். எங்கூடவே இருக்காங்க. மஹாளய அமாவாசைக்கு இலை போட்டு, புடவை வெச்சுக் கும்பிடுவேன். என்ன கும்பிட்டும் அவங்களுக்குக் கோவம் தீரல. எனக்கு ரெண்டு தங்கல. இப்ப மறுபடி மூணு மாசம். நீங்க வந்த நேரம், இந்தத் தடவையாவது நிக்கட்டும்."

விஜய்குமார் சொன்னான், அண்ணன் தலையாட்டினான், ஊர் குளித்துத் தலை முழுகியது. இத்தனையும் நடந்திருக்கிறது. அவள் ஆஸ்பத்திரியில் அலுமினியத் தட்டில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில் இங்கே அவளுக்குக் கருமாதி நடந்திருக்கிறது. பசம்மா காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மனிஷா, ஏய், பாம்மா, போட்டோ!" என்று லீலா கூப்பிட, உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்தது. இரட்டைப் பின்னல். முன்பல் இரண்டு விழுந்த வாய். ஜோதிமணியின் அதே புருவம். காமிராவைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே நேராகப் போய் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டது. "அம்மா ஜொதே தெகீரி ஆன்ட்டி" என்றது. அம்மாவோடு சேர்த்து எடுங்கள் என்கிறது.

"என்னைச் சித்தின்னு, சிக்கம்மான்னுதான் கூப்பிடும்" என்று லீலா சிரித்தாள். "அம்மாங்கற வார்த்தை மொத்தமும் அவங்களுக்குத்தான். காலையில ஸ்கூலுக்குப் போறப்போ அம்மா ஹோக்பர்தீனி, வந்ததும் அம்மா பந்தே. எல்லாம் சுவரோடதான் பேச்சு."

கண்ணாடி போட்ட படத்துக்கு நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, வெளிச்சம் திருப்பி அடிக்கும், பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று பசவராஜ் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்திருந்தார். ஜோதிமணிக்கு அப்போது கண்ணாடி தெரியவில்லை. குழந்தை மட்டும்தான் தெரிந்தது. நேரே நின்றாள், முழங்கையை விலாவோடு ஒட்டினாள், அழுத்தினாள்.

அந்த வாரம் பிரிண்ட் வந்தது. மனிஷா அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் சந்தனமாலைக்கு நடுவில், மூத்தாளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு பொட்டல். பசவராஜ் செல்லமாகத் திட்டினார். படம் நன்றாக அமைந்திருக்கிறது, ஃபிளாஷ் கெடுத்துவிட்டது, பிரிண்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை எடுத்துவா, கண்காட்சிக்கு வைக்கலாம் என்றார். ஜோதிமணி தலையாட்டினாள். அந்த ஞாயிறு நேராகச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். லீலா நல்லவளாகத் தெரிந்தாள். நல்லவளிடம் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். இல்லத்துக் காற்று அவளையும் கொஞ்சம் கெடுத்திருந்தது.

ஞாயிறு லீலா வாய் நிறையச் சிரித்துக் கதவைத் திறந்தாள். பசவராஜ் சொன்னது போலவேதான். பசம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டாள். மனிஷா பக்கத்து வீட்டில் டீவி பார்க்கப் போயிருந்தாள். லீலா ஆசையாகப் பிரிண்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகம் வெளிறிப்போயிற்று.

"முகத்தைக் காணோம்" என்றாள். "ஐயோ, மூத்தவங்க முகத்தைக் காணோமே!"

"ஃபிளாஷ் வெளிச்சமுங்க அது. கண்ணாடியில பட்டுத் தெறிச்சிருச்சு. எம்மேலதான் தப்பு, நேரா நின்னுட்டேன்."

லீலா அதைக் காதில் வாங்கவில்லை. படத்துக்கு முன்னால் போய்க் குப்புற விழுந்தாள். "எனக்கு முகம் காட்ட மாட்டேன்னுட்டாங்க. இதையும் எடுத்துக்கப் போறாங்க. போன தடவையும் விளக்கு தானா அணைஞ்சது, மறுநாளே போச்சு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கற்பூரத்தைத் தேடி எடுத்து ஏற்றப்போனவளுக்குத் தீக்குச்சி நிற்கவில்லை, கை அப்படி நடுங்கியது. அந்த நடுக்கம் ஜோதிமணிக்குத் தெரிந்த நடுக்கம். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எப்படியெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்ததை மறந்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அழுவாதீங்க. அவளுக்கு உங்க மேல கோவமே இல்லீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானுங்க அவ."

லீலா நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள். ஜோதிமணியைப் பார்த்தாள். தடித்த கன்னத்தையும் குட்டை முடியையும் ஒதுக்கிவிட்டுப் புருவத்தில் வந்து அவள் கண் நின்றது. தினமும் தலை வாரிவிடுகிற குழந்தையின் புருவம். "ஏங்க! கொஞ்சம் வெளிய வாங்க" என்று உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

இரவு ஷிஃப்ட் முடிந்து படுத்திருந்த விஜய்குமார் லுங்கியோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தான். ஜோதிமணி எழுந்து நின்றாள். ஆறு வருஷம் அவன் வராத வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அவனாவது ஒரு வார்த்தை சொல்லுவான் என்று நினைத்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு மின்விசிறியைப் பார்த்தான்.

"யாரு இவங்க? எனக்குத் தெரியாது. இல்லத்துலருந்து வர்றவங்க ஏதாச்சும் ஒளறுவாங்க, காப்பித் தண்ணி குடுத்து அனுப்பு" என்று சொல்லிக்கொண்டே ஆணியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். போகிற அவசரத்தில் அவன் மாட்டிக்கொண்டு போனது லீலாவின் செருப்பு.

லீலா அதைப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அழுத கண் காய்ந்துவிட்டது.

"அஞ்சு வருஷம்" என்றாள். "அஞ்சு வருஷமா உங்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்திருக்கேன். ரெண்டு புள்ள போச்சு. சரி, அவ புருஷனை நான் எடுத்துக்கிட்டேன், என் புள்ளைங்களை அவ எடுத்துக்கிட்டான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நீ என்னடான்னா எங்கயோ உக்காந்து சோறு தின்னுட்டு இருந்திருக்கே. அப்ப என் புள்ளைங்களை எடுத்தது யாரு? சொல்லு, யாரு எடுத்தது?"

ஜோதிமணி கீழே சிதறிக் கிடந்த தீக்குச்சிகளைப் பொறுக்கினாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. உங்க புருசனும் வேண்டாம், வீடும் வேண்டாம். எம் புள்ள ஒருக்கா அம்மான்னு கூப்பிட்டாப் போதுமுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

"நீ உயிரோட இருந்தா என் கழுத்துல இருக்கறது என்ன? வயித்துல இருக்கறதுக்கு ஊர்ல என்ன பேரு?" லீலா நெருங்கி வந்தாள். "ஆத்துல விழல. அப்ப என்னதான் நடந்தது?"

ஜோதிமணி ஒளிக்காமல் சொன்னாள். தூக்கம் போனதைச் சொன்னாள், குழந்தையை யாருடையதோ என்று நினைத்ததைச் சொன்னாள், மலையில் பொரிக்கடை முன்னால் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், சொன்னால் பாரம் இறங்கும் என்று இல்லத்தில் வாராவாரம் வட்டமாக உட்கார வைத்துப் பழக்கியிருந்தார்கள். பாரம் இறங்கியது. இறங்கிய பாரத்தை லீலா எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு லீலாவின் குரல் தணிந்துவிட்டது. கத்தியபோது பரவாயில்லாமல் இருந்தது. கதவைத் திறந்து மனிஷாவைக் கூப்பிட்டாள். வந்த குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, விழுந்த பல்லிடத்தை விரலால் தடவியபடி கேட்டாள்.

"மனிஷா, ஒரு கதை கேளு. ஒரு பொம்பள அவ பெத்த பாப்பாவ மலையில கூட்டத்துல தன்னந்தனியா விட்டுட்டு ஓடிப் போயிட்டா. அப்புறமா திரும்பி வந்து, நான்தான் உங்கம்மா, என்னை அம்மான்னு கூப்பிடுன்னா, அந்தப் பாப்பா என்ன பண்ணணும்?"

மனிஷா யோசிக்கவே இல்லை. "கல்லெடுத்து அடிக்கணும்" என்றாள். "அவ கெட்டவ. அவளுக்கு நாயி கச்சலி, கடிச்சு வெக்கட்டும். எங்கம்மா என்னைக் கரையில தள்ளிட்டுத்தானே நதியில ஹோய்ட்டாங்க? அம்மா அப்படித்தான் இருப்பாங்க." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

"சரி, போய் டீவி பாரு" என்று இறக்கிவிட்டாள் லீலா.

குழந்தை போன பிறகு லீலா பேசியது கொஞ்சம்தான். சுவரில் இருக்கிற அந்த அம்மாவைக் கொன்றுவிட்டு அவள் இடத்தில் நீ வேண்டுமானால் உட்கார்ந்துகொள், நான் தடுக்கவில்லை என்றாள். தடுக்கவும் அவளுக்கு வழி இருந்தது. குழந்தையைப் பிடித்து இழுத்தாள் என்று இல்லத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் பேச்சை நம்புவார்கள் என்று கேட்டாள். காமிராவைப் பிடுங்கிக்கொள்வார்கள், மாத்திரையை மறுபடி முழுசாக்குவார்கள். ஆனால் ஜோதிமணியை அடக்கியது அந்த மிரட்டல் இல்லை. குழந்தை சுவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

"நான் மோசமானவ இல்ல" என்றாள் லீலா. அவள் அதை நம்பினாள். "வருஷத்துக்கு ஒரு தடவை வா. மஹாளய அமாவாசைக்கு. மூத்தவளுக்கு இலை போட்டுப் படைச்சதும் யாராவது ஒரு பொம்பளைய உக்கார வெச்சு அந்த இலையில சாப்பாடு போடுவேன், புடவை குடுப்பேன். பக்கத்து வீட்டுப் பொம்பள வந்து சாப்பிட்டுப் போவா. இனிமே நீ வா. பொண்ணைக் கண்ணால பாத்துக்கோ, போட்டோ எடுத்துக்கோ. ஆனா செத்தவளாத்தான் வரணும். மத்த நாள்ல இந்தத் தெருவுலயே கால் வெக்கக் கூடாது. சரியா?"

ஜோதிமணி காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

பசவராஜுக்கு விஷயம் பசம்மா மூலமாகப் போயிற்று. பேசாத பசம்மா, வாசலில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துப் பேசினாள். அந்த வீட்டில் ஜோதிமணியை அமாவாசைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பசவராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷமாக அவர் காத்திருந்தது இதற்குத்தானே? டிரஸ்ட்டிகள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். ஆஸ்பத்திரியில் தூக்கி எறியப்பட்ட ஒரு பெண்ணை, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறது, ஒரு சாதாரணக் காமிரா செய்த வேலை இது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஜோதிமணியையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றாள். அன்றைக்கு எடுக்கப்போகிற படம்தான் கண்காட்சியில் முதல் படம் என்று சொல்லி, புது ஃபிலிம் ரோலை எல்லார் முன்னாலும் அவள் கையில் கொடுத்தார் பசவராஜ்.

அமாவாசையன்று ஜோதிமணி குளித்துவிட்டுப் போனாள். பசம்மா வழக்கம் போலப் பையோடு வந்தாள். விஜய்குமார் வீட்டில் இல்லை. கூடம் மெழுகித் துடைத்திருந்தது. படத்துக்குப் புது மாலை போட்டிருந்தார்கள். கீழே பெரிய வாழையிலை, சோறு, பருப்பு, நாலு வகைக் கறி, வடை, பாயசம். பக்கத்தில் தாம்பாளத்தில் பச்சை நிறப் புடவை. லீலாவின் வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கற்பூரம் காட்டி அவள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். உயிரோடு நிற்கிறவளுக்குப் பக்கத்திலேயே விழுந்து, எப்போதும் போல உருக்கமாகக் கும்பிட்டாள். தாலிச் சரட்டில் அந்தத் தகடு அப்படியே தொங்கியது.

"முதல்ல போட்டோ" என்றாள் எழுந்து. "பக்கவாட்டுல நின்னு எடுங்க. அவங்க முகம் நல்லாத் தெரியணும்."

மனிஷா புதுப் பாவாடையில் படத்தருகே நின்றாள். ஜோதிமணி ஒதுங்கி நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். கண் நிறைந்து காமிராவுக்குள் எல்லாம் குழம்பியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"சிக்கம்மா, ஆன்ட்டி யாக்கே அழறாங்க?"

"அவங்க மென்டல் ஆஸ்பத்திரியில இருந்தவங்கம்மா. அப்படித்தான் அழுவாங்க. பயப்படாதே."

மனிஷா பயந்தாள். ஓரெட்டு பின்வாங்கிச் சுவரோடு, படத்தின் கீழ்ச் சட்டத்தோடு ஒண்டிக்கொண்டாள். அந்த நிலையில்தான் ஜோதிமணி பொத்தானை அழுத்தினாள். அந்தப் படமும் ஆடவில்லை.

பிறகு லீலா இலைக்கு முன்னால் பலகையைப் போட்டு, "உக்காருங்க" என்றாள். ஜோதிமணி தன் படத்துக்குக் கீழே, தனக்குப் போட்ட இலையில் உட்கார்ந்தாள். சோற்றில் கை வைத்தாள், பிசைந்தாள், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கை நடுங்கிச் சோறு இலையில் சிந்தியது. லீலா உள்வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனிஷா அவள் தலைக்கு மேலாகப் படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "அம்மா" என்று கூப்பிட்டாள். "அம்மா, ஊட்டா மாடம்மா, சாப்பிடும்மா."

ஜோதிமணி நிமிர்ந்தாள். குழந்தையின் கண் அவள் மேல் இல்லை.

பிறகு மனிஷா குனிந்து, பயத்தை அடக்கிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி அவளிடம் சொன்னாள். "ஆன்ட்டி, நீங்க எல்லாத்தையும் சாப்பிடணும். மிச்சம் வெச்சா எங்கம்மாவுக்குப் பசிக்கும்."

"சரி கண்ணு" என்றாள் ஜோதிமணி. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.